இரண்டாவது டிஸ்க்கிலிருந்து வந்த கோகிலவாணி

செம்மாம்பாளையம் மஞ்சள் ஏலச் சங்கத்தின் சர்வர், வைகாசி மாதத்து ஒரு காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதை எழுப்பப் போன கோகிலவாணி உள்ளே ஒருத்தியாகப் போய் வெளியே இரண்டு பேராக வந்தாள். இதை அந்த ஊரில் இன்றைக்கும் யாரும் பெரிய விஷயமாகச் சொல்வதில்லை. மழை பெய்தது, மாடு கன்று போட்டது, வாணி ரெண்டானாள் என்கிற வரிசையில்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டு, "அத வுடுங்க, அன்னைக்கி மஞ்சளு என்ன வெல போச்சு தெரியுமுங்களா?" என்று முக்கியமான சங்கதிக்கு வந்துவிடுவார்கள்.

அந்த சர்வர் சங்கத்துக் கட்டிடத்தின் பின்னறையில் குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் இரும்புப் பெட்டி. யாருடைய மஞ்சள் எந்தக் குடோனில் கிடக்கிறது, எத்தனை எடை, எவ்வளவு ஈரம், எந்த வியாபாரி என்ன விலை கேட்டார் என்பதெல்லாம் அதன் வயிற்றில்தான் இருந்தன. வயிற்றுக்குள் இரண்டு டிஸ்க். கண்ணாடி முன்னால் நிற்கிறவள் பொட்டு வைத்தால் கண்ணாடிக்குள் இருப்பவளும் வைத்துக்கொள்கிற மாதிரி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்பட்டுவிடும். ஒன்று செத்தால் மற்றது குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் கோகிலவாணி. சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

அந்த ஏற்பாடு கெட்டுப்போனது அதற்கு ஏழெட்டு மாசம் முந்தி, ஆயுத பூஜை அன்றைக்கு. சங்கத் தலைவர் சென்னியப்பன் வெள்ளை வேட்டியும் சந்தனக் கிண்ணமுமாக எடை மேடைக்குப் பொட்டு வைத்து, லாரி டயருக்குப் பொட்டு வைத்து, காலிங் பெல்லுக்கும் வைத்துவிட்டு சர்வருக்கு வந்தார். அதன் முகத்தில் மினுக் மினுக்கென்று விளக்குகள் சிமிட்டுவதைப் பார்த்தார். "அட, எத்தன கண்ணு! கண்ணுக்குத்தான் மொதல்ல திருஷ்டி படும்" என்று ஒவ்வொரு விளக்கின் மேலும் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் இட்டார். வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். அன்று சாயங்காலமே அந்தச் சந்தனத்துக்கு அடியில் இரண்டாவது டிஸ்க்கின் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறியதும், அது கண்ணாடி வேலையை விட்டுவிட்டு அந்த நாளோடு அப்படியே நின்றுபோனதும், முதல் டிஸ்க் மட்டும் ஒண்டியாக ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று எழுதிக்கொண்டே போனதும் யாருக்கும் தெரியவில்லை. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டது சந்தனம்.

வைகாசியில் சர்வர் படுத்தது. எழுப்ப எந்த டிஸ்க்கும் அகப்படவில்லை என்று திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. கோகிலவாணி வயரைப் பிடுங்கிச் சொருகினாள். மெமரியைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, எந்த டிஸ்க்கை முதலில் தட்டி எழுப்புவது என்று பெட்டி தனக்குள் வைத்திருக்கும் வரிசையைத் திறந்தாள். அதில் முதல் டிஸ்க்கின் பெயர் மட்டும் இருந்தது. இரண்டாவதைச் சேர்க்க மறந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு, அதையும் சேர்த்து, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இருந்தாலும் விசையை அமுக்கினாள். பெட்டி உறுமி எழுந்தது.

எழுந்ததும் அதன் பின்னாலிருந்து, வயர்களை விலக்கிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையும் கையில் பொரி கடலைத் தட்டுமாக இன்னொரு கோகிலவாணி வந்தாள்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? என்ற சீட்டுல உக்காந்துட்டு என்னத்த நோண்டறீங்க?" என்றாள் அவள். பிறகு முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அய்யோ, இப்பிடி எளைச்சுப்போயிருக்கறனா நானு!" என்று வாயில் பொரியோடு சிரித்தாள்.

எடை மேடையில் வேலை செய்யும் ஜக்கரியா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரெண்டு அக்காவா? சரிங்க. இதுல எந்த அக்கா ரசீது பிரிண்ட் போடறீங்க? வெளிய வண்டி நிக்குது."

ஊர் இவ்வளவுதான் ஆச்சரியப்பட்டது. பெரிய ரகளை ஏலப் பலகையில்தான் நடந்தது. இரண்டாவது டிஸ்க் எழுந்ததால் பலகையில் ஆயுத பூஜை நாளின் மஞ்சள் விலை பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு மாசத்துக்கு மாசம் விலை சரிந்து, விவசாயிகள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. பலகையைப் பார்த்தவர்கள் துண்டை எடுத்து வானத்தில் வீசினார்கள். "மெசினே சொல்லிருச்சு, அந்த வெலைக்கே எடுங்க!" என்றது ஒரு பக்கம். "மெசினுக்குப் பைத்தியம் புடிச்சா நாங்க கெணத்துல விழோணுமா?" என்றார்கள் வியாபாரிகள். சென்னியப்பன் மைக்கைப் பிடித்து, ஊதிப் பார்த்து, "சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே! இரண்டு வாணிகளும் நமது வாணிகளே! இரண்டு விலைகளும் நமது விலைகளே! ஆகவே… ஆகவே ஏலம் ஒத்திவைக்கப்படுகிறது!" என்று முழங்கிவிட்டு, மைக்கை அணைக்க மறந்து, "நல்லவேள, தலைவரு ரெண்டாகலே" என்று சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

வீட்டிலும் அப்படியே. மாமியார் ராமாத்தா வாசலில் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஆரத்தி சுற்றி, "போச்சாது போங்க, பரவால்ல. இட்லிக்கு எச்சா ரெண்டு ஆழாக்கு ஊறப்போட்டாப் போவுது" என்றாள். படுக்கிற நேரம் வந்ததும் நடுவில் தன் பாயை விரித்தாள். "ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். யாராச்சும் வாயத் தொறந்தீங்க, வெளக்கமாறு வரும்." புருஷன் நல்லசிவம் தலையணையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தன் டெம்போவில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஊர் பெயரும் வைத்துவிட்டது. வந்தவள் பூஜை வாணி. இருந்தவள் வைகாசி வாணி. தன் சொந்தப் பெயருக்கு முன்னால் தனக்கே ஒரு அடைமொழி ஒட்டியதில்தான் வைகாசி வாணிக்கு முதல் எரிச்சல் பற்றியது. பற்றியது அணையவில்லை.

பூஜை வாணி சாப்பிட்டாள். அதைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. நாலு இட்லியை வைத்து, குழி பண்ணி, நல்லெண்ணெய் ஊற்றி, கொள்ளுப் பொடியைக் கொட்டிக் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் கன்னத்தில் சதை இருந்தது. அவள் டெம்போவில் ஏறி உட்கார்ந்து, "ஏனுங் மாமா, இந்த ஹாரன் கழுதை கத்தறாப்பல இருக்குதுங்க, மாத்துங்க" என்றால் நல்லசிவம் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது இத்தனை மாசமாக என்று அடுப்படியிலிருந்து கேட்டவளுக்குத் தெரியும். தன்னால்தான் போயிருந்தது என்றும் தெரியும், தெரிவதால் இன்னும் கொதித்தது. ராமாத்தா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். ஜக்கரியா அவளுக்கு மட்டும் கேண்டீனிலிருந்து பருப்பு வடை கொண்டுவந்தார். மஞ்சள் கொண்டுவந்த பெண்கள், "உன்னையப் பாத்தாலே மனசுக்குக் குளுகுளுன்னு இருக்குது கண்ணு. இவ இருக்கறாளே, கல்லுல அடிச்சு வெச்சாப்பல" என்று கல்லில் அடித்து வைத்தவளின் காதுபடவே சொன்னார்கள். இன்னொருத்தி மேல் பொறாமைப்பட்டால் அவளுடைய மூக்கு சப்பை, குணம் சொத்தை என்று ஏதாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவளை என்னத்தைச் சொல்ல? சொல்வதெல்லாம் தன் மூக்கிலேயே வந்து விழுகிறது.

இதையெல்லாம் கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள். ஆனால் ஒரு மத்தியானம் பூஜை வாணி எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து கச்சாயம் சுட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கெழம தாராபுரத்துக்குப் போய் அப்பாவப் பாத்துட்டு வாரனுங்கத்தை. போனு போட்டா எடுக்கவே மாட்டேங்கறாரு. கச்சாயம்னா உசுரு அவருக்கு" என்றாள்.

ராமாத்தா கரண்டியை வாங்கி, வெந்த கச்சாயத்தையே மறுபடி மறுபடி திருப்பிப் போட்டாள். வாசலில் நின்ற நல்லசிவம் எதற்கோ குனிந்து செருப்பைப் பார்த்தான்.

அப்பா முத்துவேலப்பன் மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவர் இறங்கவில்லை. கோகிலவாணி போனாள், எல்லாம் முடித்தாள், வந்தாள், தை ஏலம் தொடங்குகிறதென்று மறுநாளே சங்கத்தில் உட்கார்ந்து ரசீது போட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தாள், வரவேயில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்துதான் அவளுக்கு இட்லி மண்ணாகவும் டெம்போ ஹாரன் வெறும் ஹாரனாகவும் ஆனது.

சட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எதுவும் எழுதப்படவில்லை. அவளுக்கு இன்னும் அப்பா இருக்கிறார். அவர் தாராபுரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மகள் வருவாள் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வைகாசி வாணிக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. புருஷனை எடுத்துக்கொண்டாள், போகட்டும். சிரிப்பை எடுத்துக்கொண்டாள், போகட்டும். அப்பாவை எப்படி இவள் மட்டும் வைத்துக்கொள்ளலாம்?

ஊர் முழுக்க ஒரு வாயாக அந்த ரகசியத்தைக் காத்தது. தாராபுரம் என்று பஸ்ஸில் எழுதியிருந்தால் அவள் கண்ணில் படாமல் குடையை விரித்தார்கள். "உங்கொப்பன் காசிக்குப் போயிருக்கறாரு சாமி, அங்க டவர் கெடைக்காது" என்றாள் ராமாத்தா. தனக்கு ஆறுதல் சொல்ல வாய் வராத ஊர், அவளுக்காக எத்தனை அழகாகப் பொய் சொல்கிறது என்று வைகாசி வாணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சர்வரை அப்படியே விட முடியாது. கோயமுத்தூரிலிருந்து கம்பெனிக்காரர் போனில் வந்தார்.

"மேம், பேனிக் ஆகாதீங்க மேம். ஃபர்ஸ்ட் டிஸ்க்ல டேட்டா எல்லாம் சேஃப். எழுப்புற துண்டு மட்டும்தான் கெட்டிருக்கு. வீடு நல்லா இருக்கு, சாவி ஒடஞ்சிருச்சு, அவ்ளோதான் மேம். செகண்ட்ல சாவி பக்கா, ஆனா வீட்டுக்குள்ள பழைய சாமான். அந்தச் சாவியால தொறந்து, ரெண்டையும் மறுபடி மிர்ரர் பண்ணிடலாம். ஒரு டைரக்‌ஷன் கேக்கும். எதுலேர்ந்து எதுக்குன்னு. எதுலேர்ந்துன்னு சொல்றீங்களோ அது இருக்கும். இன்னொண்ணு அதோட அச்சு ஆயிரும். மாத்தி அமுக்கினீங்கன்னா, சாரி மேம், இந்த ஏழெட்டு மாசம் நடக்கவே இல்லன்னு அர்த்தம்."

மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வாணிகளும் அதைக் கேட்டார்கள். ஒருத்திக்கு முகம் வெளுத்தது. இன்னொருத்தி வடை தின்றுகொண்டிருந்தாள்.

சென்னியப்பன் உடனே கூட்டம் போட்டார். விவசாயிகள் பூஜை நாள்தான் வேண்டும் என்றார்கள். வியாபாரிகள் கூடாது என்றார்கள். தை மாதம் பல் கொட்டிய ஒருவர் பல் திரும்ப வருமா என்று விசாரித்துவிட்டு பூஜை நாள் பக்கம் போய் உட்கார்ந்தார். "ஏனுங்க, செத்தவீங்க வருவாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அதெல்லாம் டிஸ்க்குல இல்லீங்க" என்றார் சென்னியப்பன், கொஞ்சம் வருத்தத்தோடு. கடைசியில் நல்லசிவம் எழுந்தான். கூட்டத்தைப் பார்க்காமல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "பூஜ நாளையே வெச்சுக்கலாமுங்களே. அல்லாருக்கும் நல்லதுதானுங்களே" என்றான்.

வைகாசி வாணி கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். அவன் சொன்னது விலையைப் பற்றி அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. சரி மாமா, என்னை அழித்துவிட்டு அவளோடு குடும்பம் நடத்தலாம் என்று பார்க்கிறாயா, நடக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போனாள். பூஜை வாணி ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு ஜன்னலில் அணிலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வைகாசி வாணி அறையைத் தாழிட்டாள். திரை கேட்டது: எதிலிருந்து? முதல் டிஸ்க். எதற்கு? இரண்டாவது. நிச்சயமாகவா? அவள் இன்னொருத்தியின் நிறைந்த கன்னத்தை ஒருமுறை பார்த்தாள். இனிமேல் நீயும் படு, என்று அமுக்கினாள்.

நகல் ஓடத் தொடங்கியது. டிஸ்க் தேதி பார்த்து எழுதுவதில்லை, இடம் பார்த்துத்தான் எழுதும். அதனால் எல்லாம் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தது. பூஜை வாணி காலாட்டுவதை நிறுத்தினாள்.

"பங்குனில காஸ் தீந்துபோயி வெறகடுப்புல சமைச்சனா நானு?"

"ஆமா."

"தையில வந்த மஞ்சளு பூராம் ஈரம். சண்ட போட்டிருக்கறேன்." நெற்றியைச் சுருக்கினாள். "மாசில உனக்குக் காச்சலு. எந்திரிச்சுத் தண்ணி குடிக்கக்கூட முடியல. மாமாவ ஏன் கூப்படல? எதுத்தாப்பலதான் உக்காந்திருந்தாரு."

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று வைகாசி வாணி மாசியிலிருந்து காத்திருந்தாள். கேட்டவள் இவளாகப் போய்விட்டாளே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

"தாராபுரத்து வீட்டுல எதுக்கு இத்தன செருப்புக் கெடக்குது?" என்றாள் பூஜை வாணி. குரல் மெலிந்திருந்தது. "எதுக்கு நாற்காலியெல்லாம் ரோட்டுல போட்டிருக்குது? அந்த வெள்ளத்துணிக்கு வெளிய தெரியறது… அது அப்பாவோட காலு. பெருவெரல்ல எதுக்குக் கட்டியிருக்குது?"

இந்த நொடிக்காகத்தான் வாணி விசையை அமுக்கினாள். அவள் முகம் உடைவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் அமுக்கினாள். நொடி வந்தபோது பார்க்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூஜை வாணி அழுதாள். முதலில் ஒரு விக்கல். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம். அது குளிரூட்டியின் சத்தத்தை மிதித்து, தாழிட்ட கதவின் கீழாக ஊர்ந்து, ஏலக் கூடத்தைத் தாண்டி, கூட்டம் மொத்தத்தையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது. ஜக்கரியா தோளால் மோதித் தாழ்ப்பாளை உடைத்தார். "அப்பா, கச்சாயம் சுட்டு வெச்சிருக்கறனுங்கப்பா, காசிக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களேப்பா" என்று அவள் தரையில் கிடந்து மார்பில் அடித்துக்கொண்டாள். ராமாத்தா பாய்ந்துபோய் அவளை மடியில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் கொண்டுவந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கோத்து, மார்கழியில் அழாமல் விட்டதையெல்லாம் எடுத்து வைத்து அழுதார்கள். சென்னியப்பன் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். வியாபாரிகள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள்.

வைகாசி வாணி சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். அத்தனை பொறாமையிலும் இதுதான் பெரிய பொறாமையாக இருந்தது. பார், அழுகையைக்கூட அவள்தான் நன்றாக அழுகிறாள். செத்தது என் அப்பா. தீச்சட்டிக்கு முன்னால் கல்லாக நின்றது நான். கொள்ளிக்குப் பின்னால் வெயிலில் நடந்தது நான். இன்றைக்கு வந்தவள் ஒரே நிமிஷத்தில் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகிறாள், ஊரே அவள் முதுகைத் தடவுகிறது. அந்தக் கண்ணீர் எனக்கு வந்திருக்க வேண்டியது, என்று பல்லைக் கடித்தாள்.

திரையில் நகல் முடிந்தது. சந்தனம் சுரண்டிய இடத்தில் இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. இனி ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்.

வைகாசி வாணி சுவரில் சரிந்து உட்கார்ந்து வாயைத் திறந்தபோது வந்த சத்தம் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம். "அப்பா" என்றாள். மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய் விட்டுச் சொன்னாள்.

நல்லசிவம் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தான். அவன் கை மடியில் கிடந்தவளிடம்தான் போனது, இவளிடம் இல்லை. கண்ணீருக்கு நடுவிலும் அது இவளுக்குச் சுருக்கென்றது. "மாசில நாங் கேட்டிருக்கோணும்டி. கேக்காம உட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் தன் சொரசொரத்த உள்ளங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்தான்.

துடைத்தது இவள் கன்னத்தில் தெரிந்தது.

கண்ணைத் திறந்தாள். தலை ராமாத்தாவின் மடியில் இருந்தது. முதுகில் யார் யாருடைய கையோ. பொறாமைப்பட ஆளைத் தேடினாள். சுவரோரம் யாரும் இல்லை.